ரெஜிஸ்டர் ஆபீஸில் உண்மையில் என்னதான் பதிவாகிறது?

என் சித்தப்பா 1994-ல் பக்கத்துத் தோட்டக்காரரிடம் 12 சென்ட் இடம் வாங்கினார். வாங்கினார் என்றால், இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்து, வெற்றிலை பாக்கு மாற்றியதோடு முடிந்த வியாபாரம். "அவரு நம்மாளு, வாக்கு மாற மாட்டாரு" என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட, சாகும்வரை அவர் வாக்கு மாறவில்லை. 2017-ல் அந்த இடத்தில் வீடு கட்டச் சித்தப்பா வங்கிக் கடன் கேட்டுப் போனபோதுதான் வந்தது வினை. அதிகாரி அந்தத் தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பதிவாகலையே சார், இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலி போட்டது இவர், தென்னை வைத்தது இவர், இருபத்து மூன்று வருடம் அனுபவித்ததும் இவர், ஆனால் காகிதத்தில் அந்த இடம் இன்னும் செத்துப்போனவர் பேரில்தான் இருந்தது.

அந்த வருடம் முழுக்கச் சித்தப்பாவோடு அலைந்ததில்தான் பத்திரப் பதிவு என்றால் என்ன என்பதே எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. அதுவரை நானும் பெரும்பாலானவர்களைப் போல, ரெஜிஸ்டர் ஆபீஸ் என்றால் அரசாங்கம் "இந்த இடம் இன்னாருடையது" என்று முத்திரை குத்தித் தரும் இடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்பதற்குப் பின்னால் வருகிறேன், முதலில் அடிப்படை.

நீங்கள் ஓர் இடத்தை வாங்குகிறீர்கள். விற்பவர் உங்கள் பேருக்குக் கிரயப் பத்திரம் எழுதித் தருகிறார். அந்தப் பத்திரத்தை அந்தப் பகுதிக்கான சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எடுத்துப்போனால், அவர்கள் எழுதிக் கொடுப்பவர் இவர்தானா, சம்மதத்தோடுதான் எழுதினாரா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியாகிவிட்டதா என்று பார்த்து, பத்திரத்துக்கு ஓர் எண் கொடுத்து, அதன் முழு நகலையும் தங்கள் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, அசலை உங்களிடம் திருப்பித் தருகிறார்கள். பதிவு என்பது அவ்வளவுதான். உங்கள் இருவருக்கும் நடுவில் நடந்த விஷயம் மூன்றாவதாக ஒரு பொது இடத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய புத்தகத்தில் ஏறிவிடுகிறது.

இதன் அருமை தெரிய நமக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, சுந்தரர் கதையே போதும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குக் கொண்டுபோகிறார். அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? தாத்தா எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வழக்கு நிலத்தைப் பற்றியதில்லை, வழக்காட வந்தவர் சாமானியரும் இல்லை, அதெல்லாம் சரி. ஆனால் ஒருவர் கையில் இருக்கும் ஓலையை நம்பி மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது, பத்திரமான இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்கிற புத்தி அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. பழைய கல்வெட்டுகளில் 'ஆவணக்களரி' என்றொரு சொல் வரும், நிலம் விற்ற ஓலைகளை எழுதி உறுதிசெய்த இடம் அது. ரெஜிஸ்டர் ஆபீஸ் என்ற பேர்தான் நமக்குப் புதிது.

இப்போதிருக்கும் ஏற்பாடு ஆங்கிலேயர் காலத்தது. சென்னை மாகாணத்தில் பத்திரங்களைப் பதிவு செய்ய 1802-லேயே ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. பிறகு இந்தியா முழுவதற்குமாக 1864-ல் ஒரு சட்டம், அதை மாற்றி மாற்றிக் கடைசியில் 1908-ல் வந்த பதிவுச் சட்டம். இன்று வரை நடைமுறையில் இருப்பது அந்த 1908 சட்டம்தான். எதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதை அதன் 17-ஆவது பிரிவு சொல்கிறது. தானம் என்றால் எந்த மதிப்பாக இருந்தாலும் பதிவு வேண்டும். விற்பனை, அடமானம் மாதிரி மற்றவை 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து என்றால் பதிவு வேண்டும். அந்தக் காலத்தில் 100 ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு நூறு ரூபாய்க்கு அரை பிளேட் பிரியாணிகூட வராது, நிலத்துக்கு எங்கே போக? ஆகவே நடைமுறையில் எல்லா நிலமும் இதற்குள் வந்துவிடும். சொத்து மாற்றச் சட்டம் 1882 இன்னும் ஒரு படி மேலே போய், 100 ரூபாய்க்கு மேற்பட்ட நிலத்தின் விற்பனையே பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் நடக்க முடியும் என்கிறது. சித்தப்பா பணம் கொடுத்தது நிஜம், அனுபவித்தது நிஜம், ஆனால் சட்டத்தின் கண்ணில் அங்கே 'விற்பனை' என்ற ஒன்று நடக்கவே இல்லை.

இதே 17-ஆவது பிரிவில்தான் இன்னொரு ஊரறிந்த வழக்கத்துக்கும் விடை இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எல்லோரும் 11 மாதத்துக்குப் போடுகிறார்களே, ஏன்? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம் என்று அதில் இருக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் அந்தப் பதினொன்று.

சரி, எங்கே பதிவு செய்வது? வாங்குபவர் வீட்டுக்குப் பக்கத்திலா, விற்பவர் ஊரிலா? இரண்டும் இல்லை. நிலம் எங்கே இருக்கிறதோ, அந்த எல்லைக்குரிய சார்பதிவாளர் அலுவலகம், அதற்கு மேலே மாவட்டப் பதிவாளர். விற்பவர் சென்னையிலும் வாங்குபவர் துபாயிலும் இருந்தாலும், நிலம் பொள்ளாச்சிப் பக்கம் என்றால் பதிவு அந்தப் பக்கத்து அலுவலகத்தில்தான். பலருக்கு இது வீண் அலைச்சலாகத் தோன்றும். ஆனால் நாளைக்கு அதே நிலத்தை வாங்க நினைக்கும் மூன்றாவது ஆளின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அந்த நிலத்தின் மேல் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று அவர் தேட வேண்டும். இஷ்டப்பட்ட ஊரில் பதிவு செய்யலாம் என்றால் அவர் எத்தனை ஊரில் போய்த் தேடுவார்? நிலம் நகராது, மனிதர்கள்தான் நகர்வார்கள், அதனால் புத்தகத்தை நிலத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தில் "சொத்து முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ" அந்த எல்லைக்குள் இருந்தால் போதும் என்றிருக்கிறது. நம் ஆட்கள் விடுவார்களா? எங்கோ இருக்கும் பெரிய நிலத்தோடு வேறோர் ஊரில் இருக்கும் ஒரு துண்டை ஒட்டவைத்து, அந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் பதிந்துவிடுவது ஒரு காலத்தில் தெரிந்த தந்திரம். 1914-ல், அப்போது இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒரு கல்கத்தா வழக்கு சுவாரசியமானது. ஓர் அடமானப் பத்திரத்தைக் கல்கத்தாவில் பதிவு செய்வதற்காகவே கல்கத்தாவில் ஒரு தெருவின் பேரையும் கதவு எண்ணையும் போட்டு ஒரு வீட்டைச் சேர்த்திருந்தார்கள், அப்படி ஒரு சொத்தே அங்கே கிடையாது. இது பதிவுச் சட்டத்தின் மேலேயே செய்த மோசடி, அதனால் பதிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

பதிவு நாளன்று நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டோக்கன் எடுத்துக் காத்திருப்பீர்கள், நிறைய. கூப்பிட்டதும் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், அடையாளம் காட்டச் சாட்சிகள் இரண்டு பேர். புகைப்படம், கைரேகை. சார்பதிவாளர் விற்பவரிடம், "பணம் வந்துடுச்சா? சம்மதம்தானே?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விதான் மொத்த நாடகத்தின் மையம், மற்றதெல்லாம் அதைச் சுற்றி நடப்பது.

முடிந்து கைக்கு வந்த பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பலர் ஆயுசுக்கும் அதைப் படிப்பதில்லை. "1 புத்தகம், 2018-ஆம் ஆண்டின் 1456-ஆம் எண்ணாகப் பதிவு செய்யப்பட்டது" என்கிற மாதிரி ஒரு குறிப்பு இருக்கும். எண்ணை நான் சும்மா எழுதினேன், உங்களுடையது வேறாக இருக்கும். அந்த '1 புத்தகம்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அலுவலகத்தில் பல புத்தகங்கள் உண்டு. உயில் தவிர்த்து அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பத்திரங்கள் 1-ஆம் புத்தகம், உயில்கள் 3-ஆம் புத்தகம், இதர ஆவணங்கள் 4-ஆம் புத்தகம். இதில் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம், நீங்கள் அந்தச் சொத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. உயில் அப்படியில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜென்டுக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடைக்காது. நியாயம்தானே, இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் சண்டை நடக்கும்!

பொதுவில் வைப்பதுதான் பதிவின் முழு நோக்கமே. ஒரு பத்திரம் பதிவாகிவிட்டால் அந்தச் சொத்தில் கைவைக்கும் எல்லோருக்கும் அது தெரிந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாதுங்க, நான் நம்பி வாங்கிட்டேன்" என்று பிறகு சொல்ல முடியாது, போய்ப் பார்த்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அப்படிப் போய்ப் பார்ப்பதன் சுருக்கமான வடிவம்தான் வில்லங்கச் சான்று, பேச்சுவழக்கில் ஈ.சி. தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே நம்பர், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று கொடுத்தால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ரொம்பப் பழைய வருடங்களுக்கு மட்டும் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டிவரும்.

அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கட்டமாக வரும். ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் சொல்லியிருக்கும் விலை), சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், கீழே சொத்து விவரம், நான்கு எல்லைகள். எல்லைகள் எழுதும் விதமே தனி அழகு: "வண்டிப்பாதைக்கும் வடக்கு, இன்னார் தோட்டத்துக்கும் கிழக்கு" என்று, நம் இடத்தைச் சுற்றியிருக்கும் எல்லோரையும் சொல்லி நடுவில் நம்மை உட்காரவைப்பார்கள். இதைப் பழைய பதிவிலிருந்து புதியது வரை சங்கிலி மாதிரி படிக்க வேண்டும். 1987-ல் வாங்கிய முருகேசன்தான் 1999-ல் விற்றாரா, 2005-ல் அடமானம் வைத்தவர் அதை மீட்டதற்கான ரசீதும் பதிவாகியிருக்கிறதா, யாரோ ஒருவர் எங்கிருந்தோ குதித்து எழுதிக்கொடுத்தவராக வருகிறாரா? ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் அங்கேயே நிற்க வேண்டும், தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

இனி, முதலில் சொன்ன அந்தப் பெரிய தப்பு. பதிவு செய்தாகிவிட்டது என்பதாலேயே இடம் உங்களுடையது என்று ஆகிவிடாது. விற்றவருக்கு அந்த இடத்தில் உரிமை இருந்தால்தான் அது உங்களுக்கு வரும். இல்லாத ஒன்றை அவர் எழுதிக் கொடுத்து, நீங்கள் தீர்வை எல்லாம் கட்டி, கைரேகை வைத்துப் பதிந்தாலும் உங்கள் கையில் இருப்பது அழகான காகிதம்தான். அரசு நிலம், கோயில் நிலம் போன்றவற்றில் பதிவை மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தனியார் இருவருக்குள் இது யாருடைய நிலம் என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை, அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்று இருந்தது, விற்பவர் தன் உரிமைக்கான முன் ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்று. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது 1908 சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தபோது சொன்ன காரணமே இதுதான்: எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் பதிவு அதிகாரிக்குச் சட்டத்தில் இல்லை.

உலகம் முழுக்க இப்படித்தானா என்றால், இல்லை. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில் பதிவேட்டில் பேர் இருப்பவர்தான் சொந்தக்காரர், அதற்கு அரசாங்கமே பொறுப்பு. இலங்கையிலும் 1998-ல் உரித்துப் பதிவுச் சட்டம் கொண்டுவந்து, 'உறுதி'யை, அதாவது பத்திரத்தை, பதியும் பழைய முறையிலிருந்து அந்தப் பக்கம் நகரத் தொடங்கினார்கள். நம் ஊரில் பதிவாவது பத்திரம், உரிமை அல்ல. அதனால்தான் வக்கீல்கள் தாய்ப் பத்திரம் (இடத்தின் பழைய மூலப் பத்திரம்) கொண்டுவா, முப்பது வருட வில்லங்கம் போடு, வாரிசுச் சான்று எங்கே என்று உயிரை எடுக்கிறார்கள். அரசாங்கம் தராத உத்தரவாதத்தை நாமே காகிதம் காகிதமாகச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஈ.சி. சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி விற்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதியாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, அப்பாவின் சொத்தில் பங்கு கேட்காமல் வெளியூரில் இருக்கும் அக்கா, இதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கட்டங்களுக்குள் தலைகாட்டாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பதிவுக்குக் கொடுக்க 4 மாதம் அவகாசம், அபராதம் கட்டினால் மேலும் 4 மாதம். பதிவாகிவிட்டால் அந்தப் பத்திரம் பதிந்த நாளிலிருந்து அல்ல, எழுதிய நாளிலிருந்தே செல்லும். அதாவது ஜனவரியில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தவர் பிப்ரவரியில் உங்களுக்கும் எழுதி, நீங்கள் அன்றே பதிந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். முதல் ஆள் ஏப்ரலில் வந்து பதிந்தாலும் முந்தி எழுதிய அவர் பத்திரம்தான் நிற்கும். பிப்ரவரியில் நீங்கள் பார்த்த ஈ.சி.யில் அது இருந்திருக்கவே முடியாது.

பட்டாவை இதோடு குழப்பிக்கொள்வதும் சகஜம். பத்திரம் பதிவுத் துறை, பட்டா வருவாய்த் துறை. பட்டா என்பது யார் பேரில் நிலம் கணக்கில் இருக்கிறது என்று தாசில்தார் அலுவலகம் வைத்திருக்கும் பதிவு. பத்திரம் பதிந்தால் பட்டா மாற்றத்துக்கான விண்ணப்பமும் அதோடு போகிறது. ஆனால் ஒரு சர்வே நம்பரில் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்த பிறகுதான் பேர் மாறும். பட்டா மட்டும் இருந்து பத்திரம் இல்லாவிட்டாலும் தொல்லை, பத்திரம் இருந்து பட்டா மாறாவிட்டாலும் தொல்லை.

செலவு? தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 2017-ல் ஒன்றிலிருந்து 4 சதவீதமாக ஏறி, 2023 ஏப்ரலில் 2 ஆக இறங்கியது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் அதிலும் ஒரு சதவீதம் குறைவு. 20 லட்ச ரூபாய் இடம் என்றால் மொத்தம் 1,80,000 ரூபாய் ஆகும். இந்தத் தொகையைப் பார்த்துத்தான் பலர் 'பவர் வாங்கிக்கலாம், அக்ரிமென்ட் போட்டுக்கலாம்' என்று குறுக்கு வழிக்குப் போகிறார்கள். பவர் என்பது சொந்தக்காரர் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரம். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். இடம் கொடுத்தவரின் மனைவியும் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் புதுப் பத்திரம் எழுத முடியும் என்று ஆனது. மூன்று மகன்கள் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்கள். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மட்டும், "அப்பா வித்தது எனக்குத் தெரியாதே சித்தப்பா" என்று இழுத்தார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, தெரிந்துகொள்ள எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு தொகை கொடுத்து, 2018 தை மாதத்தில் பதிவு முடிந்தது. தீர்வையும் கட்டணமும் அன்றைய வழிகாட்டி மதிப்பில், அதாவது அரசு அந்த இடத்துக்குக் குறித்துவைத்திருந்த மதிப்பில், 11 சதவீதம். 1994-ல் அவர் அந்த 12 சென்டுக்குக் கொடுத்த மொத்த விலையை விட அது அதிகம்.